வாக்குச் சீட்டும் வகுப்பறைக் கூரையும்

கலிபோர்னியாவிலே பழுதுற்ற உயர்நிலைப் பாடசாலையொன்றைத் திருத்துவதற்கு, வட்டார மக்கள் வாக்களித்துக் கடன்முறிகளுக்கு ஒப்புதல் அளித்தல் வழக்கம். கடனும் வட்டியும் ஆதனவரியினாலே தீர்க்கப்படும். இதனைச் சனநாயகத்தின் உச்சமெனப் போற்றுவோர், அவ்வாதனங்களின் பெறுமதியை ஏன் நோக்குவதில்லை?

ஒருங்கிணைந்த பாடசாலை மாவட்டமொன்று, தன் எல்லைக்குட்பட்ட ஆதனங்களின் வரிமதிப்பில் 2.5 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கடன்பட முடியாது. மாளிகைகள் நிறைந்த மாவட்டத்துக்கு அது பெருந்தொகை. பண்ணைத் தொழிலாளர் வாழும் மாவட்டத்திலோ, அனைவரும் ஒருமனதாக வாக்களிப்பினும் அவ்வரம்பு விரியாது. 2000ஆம் ஆண்டின் 39ஆம் பிரேரணை, மூன்றிலிரண்டு பெரும்பான்மைக்குப் பதிலாக 55 சதவீதம் போதுமென்றது. நன்றே! ஆயின் அது வாக்கெண்ணும் கணக்கைத் திருத்தியதேயன்றி வரிமதிப்பின் ஏற்றத்தாழ்வைத் தீண்டவில்லை.

மாநிலமும் துணைநிதி வழங்குகிறது. திருத்த வேலைகளில் 60 சதவீதம் அதன் பங்கு. எஞ்சியதை மாவட்டம் திரட்டல் வேண்டும். திரட்ட இயன்றவருக்கே உதவி என்பது விந்தையான அறம். 2024இன் 2ஆம் பிரேரணை வறிய மாவட்டங்களுக்கு அப்பங்கை 65 வரை உயர்த்தியது. ஐந்து சதவீத இரக்கம்!

‘கட்டங்கட்டமாகத் திருத்துவோம்’ என்பர் நிருவாகிகள். முதற் கட்டத்திலே கூரை. ஆய்வுகூடமும் மலசலகூடமும் அடுத்த வாக்கெடுப்பின் பின்னர். உயர்நிலைக் கல்வியோ நான்கே ஆண்டுகள். ஒழுகும் வகுப்பறையிற் பயின்று வெளியேறியவன், வரியிறுப்பாளனாகித் தான் காணாத ஆய்வுகூடத்துக்கு வாக்களிக்க அழைக்கப்படுகின்றான்.

வட்டாரத்தின் செல்வத்தையன்றிக் கட்டடத்தின் பழுதையே அளவுகோலாகக் கொண்டு, மாநிலத்தின் பொது வருவாயிலிருந்து நிதி ஒதுக்கப்படல் வேண்டும்.