மருந்தடிக்கப் போனவன் விஷம் குடித்தவனா?

  

காட்டுக்கு மருந்தடிக்கப் போன ஒருவர் மயங்கி விழுகிறார். வாயில் நுரை தள்ளுகிறது, கண் இருட்டுகிறது, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. பதறியடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "வீட்டுல ஏதாச்சும் சண்டையா? கடன் பிரச்சனையா? எப்பக் குடிச்சாரு?"

குடிக்கவே இல்லைங்க! காட்டுல மருந்தடிச்சாரு! இப்படிச் சொன்னாலும் பல இடங்களில் யாரும் காதில் வாங்குவதில்லை. பதிவேட்டில் "விஷம் அருந்தியவர்" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. ஒரு வார்த்தையில் ஒரு தொழில் விபத்து தற்கொலை முயற்சியாக மாறிவிடுகிறது. உயிர் போனால் நிவாரணம் கிடையாது. பிழைத்து வந்தாலும் ஊரில் ஒரு மாதிரிப் பேச்சு. மருந்து கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை, விற்ற கடைக்குப் பொறுப்பு இல்லை, அரசாங்கத்துக்கும் பொறுப்பு இல்லை. எல்லாப் பழியும் படுக்கையில் கிடக்கிறவன் தலையில்!

இது நியாயமா என்று கேட்கத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

2017-இல் மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு பருத்திச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. புழுவும் பூச்சியும் அதிகம். இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து, பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே நடந்து நடந்து அடித்தார்கள். தெளித்த மருந்து செடியில் விழுவதற்கு முன் தெளித்தவர் முகத்தில் விழுந்தது. நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பகுதியிலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். அப்போதும் "பாதுகாப்பு உடை போடவில்லை, அளவு தெரியாமல் அடித்தார்கள்" என்ற பேச்சுதான் முந்திக்கொண்டு வந்தது.

நம் ஊரில் பருத்தி அவ்வளவு இல்லையே என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் மக்காச்சோளம் இருக்கிறது. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட படைப்புழு, வந்த வேகத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளையும் பிடித்துக்கொண்டது. அது குருத்துக்குள் உட்கார்ந்து தின்கிற புழு. குருத்தைப் பார்த்து அடிக்க வேண்டும் என்றால் நாசில் நம் நெஞ்சு உயரத்துக்கு, பயிர் வளர்ந்துவிட்டால் முகத்து உயரத்துக்கே வந்துவிடும். யவத்மால் பருத்திக் காட்டுக்கும் நம் சோளக் காட்டுக்கும் இதில் என்ன வித்தியாசம்?

தென்னையைச் சொல்லாமல் விட முடியாது. 1998-ஐ ஒட்டிக் கேரளத்தில் தொடங்கி இந்தப் பக்கம் பரவிய ஈரியோபைட் சிலந்தி காய்களைச் சொறிப் பிடித்ததுபோல் ஆக்கியபோது, வேர் வழியாக மருந்து கட்டச் சொன்னார்கள். மோனோகுரோட்டோபாஸ், தண்ணீர், சாய்வாகச் சீவிய வேர், ஒரு பாலிதீன் பை. கட்டிய பிறகு 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது என்பதும் அந்தப் பரிந்துரையிலேயே இருந்தது. ஒரு தோப்புக்கு எத்தனை மரம், எத்தனை பை! மண்ணைத் தோண்டிய வெறும் கையால், நகக்கண்ணில் கீறலோடு, அந்த மருந்தை ஊற்றிக் கட்டியவர்கள் நம் ஆட்கள். கையுறை கொடுத்தது யார்? யாரும் இல்லை.

இந்த வகை மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்பதை நேராகச் சொல்லிவிடுகிறோம். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் எல்லாம் ஒரே குடும்பம். நரம்பு தசைக்கு "இழு" என்று ஒரு சேதி அனுப்பும். வேலை முடிந்ததும் அந்தச் சேதியை அழிக்க ஒரு நொதி உடம்பில் இருக்கிறது. மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். சேதி அழியாமல் நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் வியர்வை கொட்டுகிறது, எச்சில் வழிகிறது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குகிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு, சதைத் துடிப்பு எல்லாம் வருகிறது. கடைசியில் மூச்சு விடும் தசையே நின்றுபோகும். பூச்சி சாவதும் இப்படித்தான், மனிதன் சாவதும் இப்படித்தான்.

இதற்கு வாயைத் திறக்கவே வேண்டாம், தோல் போதும். ஒழுகும் டேங்கை முதுகில் சுமக்கிறோம். மருந்துத் தண்ணீர் முதுகு வழியாக இறங்கி, இடுப்பு வேட்டியை நனைத்து, கீழே போகிறது. முன்னங்கைத் தோலைவிட அடித்தொடை, விதைப்பைத் தோல் பல மடங்கு வேகமாக மருந்தை உறிஞ்சும். வெட்கப்பட்டுக்கொண்டு இதை எந்த அதிகாரியும் கூட்டத்தில் சொல்வதில்லை, நாங்கள் சொல்கிறோம். டேங்க் மூடியின் வாஷர் போயிருந்தால் அன்றைக்கு மருந்தடிக்காதீர்கள். சின்ன வாஷர்தான், உயிர் அதில் இருக்கிறது.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! 1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாலிடால் கலந்த கோதுமை மாவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் அரசாங்கம் விழித்தது. விசாரணைக் குழு போட்டு, பத்து வருடம் கழித்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971-இல் அதன் விதிகள். பெட்டிக்குள் உள்ள துண்டுத்தாளில் விஷ அறிகுறி, முதலுதவி, முறிவு மருந்து எல்லாம் வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்கிறது விதி. மருந்தைக் கையாளுகிறவர்களுக்கு, தெளிக்கிறவர்கள் உட்பட, தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்கிறது 39-ஆவது விதி. ஆபத்து உள்ள மருந்தை 60 நாளைக்கு நிறுத்திவைக்க மாநில அரசுக்கே அதிகாரம் உண்டு. 2022-23-இல் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அப்படி நிறுத்தியும் இருக்கிறது. 60 நாள் முடிந்தால்? அதற்கு மேல் மொத்தமே 30 நாள்தான் நீட்டிக்கலாம். நிரந்தரமாகத் தடுக்க டெல்லிதான் மனது வைக்க வேண்டும்.

டெல்லி 2023-இல்தான் மோனோகுரோட்டோபாஸ் 36 சதத் திரவத்தை, அதுவும் அவகாசம் கொடுத்து, விலக்க உத்தரவு போட்டது. பக்கத்து இலங்கை அதை 1995-லேயே நிறுத்திவிட்டது. அங்கே நெல் விளையாமல் போய்விட்டதா? மருந்தைத் தடை செய்ததால் விளைச்சல் குறையவில்லை என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "இந்த மருந்து இல்லேன்னா வெள்ளாமையே இல்லீங்க" என்று கடைக்காரர் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நம் பிள்ளைகள் விடிகாலையில் கம்பெனி வேன் ஏறித் திருப்பூருக்குப் போகிறார்கள். பனியன் கம்பெனியில் கையில் ஊசி ஏறினால் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, டிஸ்பென்சரி இருக்கிறது. அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அட்டையாவது இருக்கிறது. ஊரில் மிஞ்சியிருக்கும் வயசானவர்களும் பெண்களும்தான் இன்றைக்குப் பண்ணையம் பார்க்கிறார்கள். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நாளைக்கு நாலு தோட்டம் மருந்தடிக்கிற தொழிலாளிக்கு என்ன அட்டை இருக்கிறது? நாம் வருடத்தில் சில நாள்தான் மருந்தைத் தொடுகிறோம். அவர் சீசன் முழுக்க அதிலேயே குளிக்கிறார். கூலி கொடுக்கிற இடத்தில் நாம் நிற்கும்போது அவருக்குக் கையுறையும் சோப்பும் தண்ணீரும் கொடுப்பது நம் கடமை. கம்பெனியிடம் உரிமை கேட்கிற நாம் இதில் வாய் மூடி இருக்க முடியாது.

முழு ரப்பர் உடுப்பு போடுங்கள் என்று போஸ்டரில் படம் போடுவது சுலபம். சித்திரை வெயிலில் அதை மாட்டினால் மருந்துக்கு முன்னால் வெக்கையே ஆளைக் கொன்றுவிடும். அதனால் நடக்கிற காரியத்தைச் சொல்கிறோம். முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட். முதுகிலும் இடுப்பிலும் கனமான பிளாஸ்டிக் சீட் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறை மட்டும் போடுங்கள், துணிக் கையுறை மருந்தைக் குடித்துத் தோலோடு ஒட்ட வைத்துவிடும். ஈரத் துண்டை மூக்கில் கட்டுவதும் அப்படித்தான், மருந்து ஆவியை அது தடுக்காது. காலையிலும் சாயங்காலமும் மட்டும், காற்று நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி அடியுங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், ஈர்க்குச்சி போதும். கலக்குவதற்குக் குச்சி, கை வேண்டாம். கடைக்காரர் சொன்னார் என்று நாலு மருந்தை ஒன்றாக ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் பீடி, வெற்றிலை எல்லாம் குளித்த பிறகுதான். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறப்போடாமல் தனியாகத் துவைக்க வேண்டும், துவைக்கிற அம்மாவுக்கும் கையுறை வேண்டும்.

காலி பாட்டிலை வாய்க்காலில் வீசுவதை இத்தோடு நிறுத்துவோம். அமராவதித் தண்ணீரைத்தான் நாமும் மாடும் குடிக்கிறோம். 2013-இல் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளிச் சத்துணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். மருந்து டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைப்பது அவ்வளவு பெரிய ஆபத்து. மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை ஸ்பிரேயரிலேயே ஊற்றி, பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள்.

சோளம் சேமிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. செல்பாஸ் மாத்திரை ஈரக் காற்று பட்டாலே விஷவாயு விடும், அதற்கு முறிவு மருந்தே இல்லை. பயிற்சி பெற்ற ஆட்கள்தான் அதைக் கையாள வேண்டும் என்று அரசாங்கத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. மாத்திரை போட்ட மூட்டை இருக்கும் அறையிலோ பக்கத்து அறையிலோ குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். களைக்கு அடிக்கும் பாராகுவாட்டுக்கும் முறிவு மருந்து கிடையாது, ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிர் பிழைப்பது அரிது.

யாராவது விழுந்துவிட்டால்? உடனே காட்டை விட்டு வெளியே தூக்கி, துணி முழுவதையும் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தூக்குகிறவர் கையிலும் மருந்து படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், பால், மோர் எதுவும் ஊற்ற வேண்டாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்துப் பாட்டிலை லேபிளோடு கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு அட்ரோபின் போடுவதா வேறா என்று உடனே முடிவெடுக்க முடியும்.

சேர்த்த கையோடு இன்னொரு காரியம், இதுதான் முக்கியம். விபத்துப் பதிவேட்டில் "தோட்டத்தில் மருந்து தெளிக்கும்போது ஏற்பட்ட பாதிப்பு" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை மணி என்றும் சொல்லுங்கள். கூட வந்தவர்கள் இரண்டு பேர் சாட்சியாக நில்லுங்கள். மருந்து வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பில் தராத கடையில் மருந்து வாங்கவே வாங்காதீர்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது பில் ஆகாது.

நாம் கேட்பது பிச்சை இல்லை. மருந்து தெளிக்கையில் ஏற்படும் சாவையும் ஊனத்தையும் தொழில் விபத்தாகப் பதிந்து இழப்பீடு கொடு! நம் வட்டத்தின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அட்ரோபின் எந்நேரமும் இருப்பில் வை, இருக்கிறது என்று பலகையில் எழுதிப் போடு! மருந்து விற்கும் கம்பெனியே கையுறையும் முகக்கவசமும் சேர்த்துக் கொடுக்கட்டும்! காலி பாட்டிலைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்! உயிர் போகும் சிவப்பு முக்கோண மருந்துகளை 60 நாள் கண்துடைப்பு இல்லாமல் நிரந்தரமாக நிறுத்து!

இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குக் காசர்கோட்டைக் காட்டுகிறோம். முந்திரித் தோட்டத்தில் ஹெலிகாப்டர் வைத்து எண்டோசல்பான் தெளித்த ஊர் அது. ஊர்க்காரர்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அந்த மருந்தை நிறுத்தியது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. இங்கே நொய்யல் விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய்த்தான் 2011-இல் சாயப்பட்டறைகளை மூட வைத்தார்கள். 1972-இல் கோவை வீதிகளை மாட்டுவண்டிகளால் நிறைத்த விவசாயிகளின் பேரன்கள் நாம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். மனுவோடு உங்கள் வீட்டுத் திண்ணையில், மாட்டுக் கொட்டகையில் கிடக்கும் காலி மருந்துப் பாட்டில்களை அலசி, ஓட்டை போட்டு, ஒரு சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். கலெக்டர் மேஜையில் அடுக்கி வைத்துக் கேட்போம். மருந்தடித்துப் பாதிக்கப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் ஒன்றையும் நம் கிளை நிர்வாகிகளிடம் கொடுங்கள். "விஷம் அருந்தியவர்" என்று எழுதியிருந்தாலும் கொண்டு வாருங்கள். அந்தச் சீட்டுகளைத்தான் முதலில் காட்டப் போகிறோம்.