கூச்சத்தால் வளரும் நோய்

காலைக்கடன் என்றாலே நடுங்கும் முதியவர்கள் பலர் உண்டு. கண்ணாடித் துண்டு கிழிப்பது போன்ற வலி. கழித்த பின்னும் நெடுநேரம் எரிச்சல். மகனிடம் சொல்லக் கூச்சம். மருத்துவரிடம் காட்ட அதைவிடக் கூச்சம். உணவைக் குறைத்தால் தொல்லையும் குறையும் என்று அரைவயிறு உண்கின்றனர். நோய் வளர அதுவே வழியாகிறது.

இறுகிய மலம் ஆசனவாயின் உட்புறத் தோலைக் கிழிப்பதால் உண்டாவதே ஆசனவாய் வெடிப்பு. வலியால் அங்குள்ள சுருக்குத் தசை இறுகும். இரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறத் தாமதமாகும். வலிக்கு அஞ்சி அடக்கினால் மலம் மேலும் காய்ந்து மீண்டும் கிழிக்கும். இந்தச் சுழலை அறுப்பதே சிகிச்சை.

முதற்படி மலத்தை இளக்குவது. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. கீரை, வாழைத்தண்டு, அவரை, கொய்யா, முழுப்பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் வயிறு உப்பாது. இசப்கோல் உமியைப் போதிய நீருடனேயே உட்கொள்ள வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். மலம் கழித்தபின் இளஞ்சூடான நீரில் 10 முதல் 15 நிமிடம் அமர்ந்தால் தசை தளரும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சூடு தெரியாமல் போகலாம். வீட்டார் கைவைத்துப் பார்த்துத் தருவது நன்று. முக்குவதும், செய்தித்தாளுடன் கழிவறையில் நெடுநேரம் அமர்வதும் ஆகா.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சில வலிநிவாரணிகளும் மலத்தை இறுக்கும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். நீரும் அருந்தாத உபவாசமும் இத்தகையதே; இந்நோய் உள்ளவர்கள் அந்நாளில் நீரையேனும் விலக்காதிருப்பது நல்லது.

புதிய வெடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். வலி நின்றதும் கீரையும் நீரும் மறந்துபோவதாலேயே பலருக்கு மீண்டும் வருகிறது. ஆறிய பின்னும் பழக்கத்தைத் தொடர்வதே காப்பு. 8 வாரமாகியும் ஆறாவிடில் தசையைத் தளர்த்தும் களிம்புகள் உண்டு. அவற்றுக்கும் அடங்காவிடில் அறுவை சிகிச்சை உண்டு.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. முதுமையில் இரத்தம் கண்டால், 'மூலந்தான்' என்று வீட்டிலேயே முடிவு கட்டலாகாது. குடற்புற்றும் இப்படியே தொடங்கக்கூடும். பரிசோதனையின் கூச்சம் சில நிமிடங்களே. மறைத்ததன் விளைவோ உயிரையே கேட்கும்.