பிள்ளைகளின் பட்டியலில் என் பெயர்

பபேடானில் நாங்கள் குடியிருக்கும் மாடியில் மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது. வரும் சில மணி நேரத்திற்குள் தண்ணீர் ஏற்றியாக வேண்டும், உலை வைத்தாக வேண்டும், கைப்பேசிகளுக்கு மின்னேற்றியாக வேண்டும். இத்தனை அலுவலுக்கும் இடையில் என் மகள் வயிற்றுப் பேரனும் அவனுடைய கூட்டாளிகள் மூவரும் ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கென்று ஒரு மணி நேரத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்பது அதன் பெயர். அது முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் யாரோ நகலெடுத்துக் கொடுக்க, மொகல் தெருவை அடுத்த எங்கள் சந்தில் அது இன்று புதுச்சரக்கு.

2021க்குப் பின் இங்கிருந்து வெளியேறி, இப்போது அயல்நாட்டில் அகதியாக இருக்கும் ஒரு தாயார், தம் பிள்ளைகளும் இதே தொடரில் மூழ்கிக் கிடப்பதாகவும், பாடத்தை விட்டுவிட்டு 'யார் இயந்திரம், யார் மனிதர்' என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போடுவதாகவும் எனக்கு வருந்தி எழுதியிருந்தார். அவருக்கென்று தொடங்கிய பதில் நீண்டுவிட்டபடியால் இவ்விதழின் வாசகர்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன். தொடரைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. பார்க்கும் விதத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதர்கள் தம் ஊழியத்துக்கென்று சைலன் எனப்படும் இயந்திரங்களைப் படைக்கிறார்கள். அவை கலகம் செய்து பிரிந்து போகின்றன. நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, மனிதர் வாழ்ந்த பன்னிரண்டு உலகங்களையும் ஒரே நாளில் அழிக்கின்றன. எஞ்சியவர் ஏறத்தாழ 50,000 பேர். கையில் கிடைத்த கப்பல்களில் ஏறி, பூமி என்று கேள்விப்பட்ட ஓர் இடத்தைத் தேடிப் புறப்படுகிறார்கள். உயிரோடிருப்போரின் தொகையை அவர்களுடைய தலைவியான லாரா ராஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். இறந்தால் அழித்துக் குறைக்கிறார். ஒரு குழந்தை பிறந்தபோது தம் கையாலேயே ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். அகதிக் குடும்பத்தில் பிறந்த எவரும் அந்தப் பலகையைச் சும்மா பார்த்துக் கடந்துவிட முடியாது. 2009 மார்ச்சில், தொடர் முடிவதற்கு மூன்று நாள் முன்னதாக, ஐக்கிய நாடுகள் சபையின் நியூயார்க் தலைமையகத்திலேயே இதன் நடிகர்களையும் தயாரிப்பாளர்களையும் அழைத்து, மனித உரிமை பற்றியும் போரில் சிக்கிய சிறுவர் பற்றியும் ஒரு கலந்துரையாடல் நடத்தினார்கள் என்றால் பாருங்கள்.

பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுவது இந்தப் பலகையன்று. சைலன்களில் சில இப்போது மனிதரைப் போலவே இரத்தமும் சதையுமாக இருக்கின்றன. அகதிக் கப்பல்களுக்குள்ளேயே கலந்து திரிகின்றன. பன்னிரண்டு உருவங்கள். அவற்றுள் ஏழு தெரிந்துவிட்டன. மீதி ஐந்து யார்? 2007 மார்ச்சில் நால்வரைக் காட்டினார்கள். ஐந்தாமவரைக் காட்ட 2009 சனவரி வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். அக்காலத்தில் உலகெங்கும் இரசிகர்கள் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இவரா அவரா என்று வாதாடித் தீர்த்தார்கள். எங்கள் சந்தில் நால்வர் இப்போது அதே வாதத்தை முதலிலிருந்து நடத்தினார்கள்.

பேரனின் நோட்டுப் புத்தகத்தை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அடையாளங்களை எழுதியிருந்தான். பெற்றோரைக் காட்டவில்லை. குழந்தைப் பருவத்துப் படம் ஒன்றுகூட இல்லை. பிறந்த ஊரைப் பற்றிச் சொல்வது முறைக்கு முறை மாறுகிறது. மற்றவர்கள் செத்த இடத்தில் இவர் மட்டும் எப்படியோ பிழைத்து வந்திருக்கிறார். பேச்சு மிகவும் திருத்தமாக இருக்கிறது. இவற்றில் மூன்று பொருந்தினால் ஐயத்துக்குரியவர், நான்கு பொருந்தினால் உறுதி.

"இப்படிப் பார்த்தால் நானும் சைலன்தானடா" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கணக்கு அப்படித்தான் வந்தது. என் பாட்டனார் 1942இல் மற்றவர்களோடு நடந்தே இந்தியா போனவர். தகரப் பெட்டி வழியில் போயிற்று. பெட்டியோடு படங்களும் காகிதங்களும் போயின. போர் முடிந்து திரும்பி வந்தவரிடம் அவருடைய சொல் ஒன்றுதான் மிச்சம். எந்தக் கப்பலில் முதன்முதலாக இரங்கூனில் வந்து இறங்கினார் என்பதை என் தந்தையார் ஒருவிதமாகச் சொல்வார். சிறிய தந்தையார் வேறுவிதமாகச் சொல்வார். பர்மிய மொழியை நான் திருத்தமாகப் பேசுகிறேன். ஆக நான்கு பொருத்தம்.

இந்த விளையாட்டை என்னோடு வேறு சிலரும் விளையாடியிருக்கிறார்கள். 1982 அக்டோபரில் இந்நாட்டில் வந்த குடியுரிமைச் சட்டத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1823ஆம் ஆண்டுக்கு முன்பே இம்மண்ணில் நிலைபெற்ற இனத்தவர் முழுக் குடிமக்கள். ஏனையோர் இணைக் குடிமக்கள் என்றும் குடியேறிய குடிமக்கள் என்றும் கீழே இரண்டு வகுப்பு. மூன்று வகுப்புக்கும் மூன்று நிறத்தில் அட்டை. அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. மூன்றாம் வகுப்பில் இடம்பெறுவதற்கும், முன்னோர் 1948 சனவரி 4க்கு முன் இங்கு வந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு ஐயமறச் சான்று வேண்டும். அனோரத்தா சாலையில் எங்கள் காளி கோவில் 1871இல் எழுந்தது. அதைக் கட்டியவர்கள் தமிழர்கள். கோபுரத்தின் வயதில் எவருக்கும் ஐயமில்லை. கோபுரத்தின் கீழே நிற்கிறவனைத்தான் எப்போது வந்தாய் என்று கேட்கிறார்கள்.

அந்நாளில் ஓர் அலுவலகத்தில் என்னை விசாரித்தவர் நல்ல மனிதர்தாம், தேநீர்கூடக் கொடுத்தார். எனக்கு முன்னே நின்ற முதியவருக்குப் பர்மிய மொழி தடுமாறிற்று. அந்நியர் என்பதற்கு அதுவே அடையாளமாயிற்று. எனக்குத் தடுமாறவில்லை. "இவ்வளவு நன்றாக எங்கே கற்றாய்?" என்று கேட்டார். நான் பிறந்த தெருவில் என்று சொன்னேன். அதற்குச் சான்று உண்டா என்றார்.

தொடரிலும் இதற்கு ஒப்பான ஒரு காட்சி வருகிறது. காயஸ் பால்டார் என்ற விஞ்ஞானி, இரத்தத்தைச் சோதித்துச் சைலனைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை அமைக்கிறார். ஒருவரைச் சோதிக்கப் பதினோரு மணி நேரம். அத்தனை பேரையும் சோதித்து முடிக்க அறுபது ஆண்டுகளாவது ஆகும். இந்தக் கணக்கு எனக்குச் சிரிப்பை மூட்டியது. அட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எமது குடும்பங்கள் சில நினைவுக்கு வந்தன. ஷாரன் என்னும் பெண் விமானி தாமாகவே சோதனைக்கு வருகிறார். அவர் சைலன்தான், ஆனால் அது அவருக்கே தெரியாது. கருவி உண்மையைக் காட்டிவிடுகிறது. பால்டார் அஞ்சிப்போய், நீ மனிதப் பெண்தான் என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகு, எதிரி ஒருவன் போகிற போக்கில் வீசிய ஒரு சொல்லை நம்பி, தலைவி ராஸ்லின் தம் படைத்தலைவர் அடாமாவையே ஐயுற்று அவருக்கும் சோதனை வைக்கச் சொல்கிறார். சோதிப்பவருக்கு அச்சம், சோதிக்கச் சொல்பவருக்கு ஐயம். கருவியை மட்டும் குறை சொல்ல இடமில்லை.

இனி முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்த்து முடிக்காதவர்கள் இவ்விடத்தில் தாளை மடித்து வைத்துவிடலாம்.

ஐவரில் ஒருவர் கர்னல் டை. ஒரு கண் போன கிழட்டுப் படைவீரர். கப்பலில் சைலன்களை அவரைப்போல் வெறுத்தவர் இல்லை. எதிரிக்கு உடந்தையாக இருந்தாள் என்று தம் மனைவி எலனுக்கே நஞ்சு கொடுத்துக் கொன்றவர். கடைசியில் அந்த எலன்தான் ஐந்தாவது சைலன். எங்கள் பிள்ளைகளின் பட்டியலில் கர்னலின் பெயர் இல்லவே இல்லை. வெறுப்பைத்தான் அவர்கள் மனிதருக்கு உறுதியான அத்தாட்சியாக வைத்திருந்தார்கள். பேரன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

இதைவிட என்னைத் தைத்த செய்தி வேறொன்று. தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர், இந்த ஐவர் இன்னின்னார் என்று தொடக்கத்திலிருந்தே தீர்மானித்து வைக்கவில்லை என்பதைப் பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மூன்றாவது பருவத்தை எழுதும் வேளையில்தான் அது முடிவாயிற்று. அப்படியானால் 2004இலும் 2005இலும் வந்த காட்சிகளில் இரசிகர்கள் தேடியெடுத்த சான்றுகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? அந்த நடிகர் அப்படித் திரும்பிப் பார்த்தபோது அவர் சைலன் என்று எழுதியவருக்கே தெரியாது. பார்ப்பவர்கள் ஐயத்தை முதலில் வைத்தார்கள். சான்று தானாக வந்து சேர்ந்தது. விடாமல் தேடினால் எவரிடத்தும் நான்கு பொருத்தம் கிடைக்கும். இந்த ஒன்றைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பினேன். என் அலுவலகக் கதையைச் சொல்லியிருந்தால் தாத்தாவின் பழம்புராணம் என்று எழுந்து போயிருப்பார்கள். மூர் சொன்னதைச் சொன்னேன், உட்கார்ந்து கேட்டார்கள்.

இவையெல்லாம் மேல்நாட்டுக் கற்பனை, நமக்கெதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. மணிமேகலையிலேயே தூணிலிருக்கும் பாவை பேசுகிறது. இதே பர்மாவில் தோன்றிய 'லோகபஞ்ஞத்தி' என்னும் பழைய பாலி நூலில் வாளேந்திய இயந்திர வீரர்கள் வருகிறார்கள். புத்தரின் தாதுக்களைக் காவல் காப்பது அவர்கள் வேலை. அவ்வியந்திரங்களைச் செய்யும் வித்தை உரோம நாட்டாருடையது. வித்தை தெரிந்தவன் எவனும் அந்நாட்டை விட்டு வெளியேறக் கூடாது. வெளியேறினால் ஓர் இயந்திரமே துரத்தி வந்து கொன்றுவிடும். அப்படித் தப்பிவர முயன்ற ஒருவன், வரைபடத்தைத் தன் தொடைச் சதையைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டு கிளம்புகிறான். அவன் கொல்லப்படுகிறான், வரைபடம் உடலோடு ஊர் வந்து சேர்கிறது. 1964இலும் அதன் பின்னரும் தாலியையும் காதணியையும் எங்கெங்கே ஒளித்துக் கப்பலேறினோம் என்பதை அறிந்த குடும்பங்களுக்கு இக்கதைக்கு உரை வேண்டாம்.

நம் காலத்திலும் சுஜாதா எழுதியிருக்கிறார். ஆனந்த விகடனில் வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் தொடராகக் காட்டப்பட்ட 'என் இனிய இயந்திரா'வைத்தான் சொல்கிறேன். அதில் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண். பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நாட்டை ஆளும் ஜீவாவை மக்கள் தெய்வமாகத் தொழுகிறார்கள். கடைசியில் ஜீவா என்று ஓர் ஆளே கிடையாது, ஒளியால் ஆன வெறும் தோற்றம் என்று தெரிய வருகிறது. கதை முழுவதிலும் ஈரமுள்ள நெஞ்சு ஜீனோ என்ற இயந்திர நாய்க்குத்தான். குடிமக்களை எண்ணிட்டுச் சோதித்துக்கொண்டே இருந்த நாட்டில், ஆள்பவரைச் சோதிக்க எவருக்கும் தோன்றவில்லை. அக்கதை நடக்கும் ஆண்டாகச் சுஜாதா வைத்தது 2021. அந்த ஆண்டில் நாம் எங்கெங்கே இருந்தோம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே எனக்கு எழுதிய தாயாருக்கு என் பதில் இதுதான். நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பிள்ளைகள் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லதே. இடம் மாறி மாறி வாழும் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஒரேயொரு நிபந்தனையை மட்டும் வையுங்கள்: எவர் ஓர் அடையாளத்தை எழுதுகிறாரோ, அவர் அதை முதலில் தமக்கும் தம் வீட்டாருக்கும் பொருத்திப் பார்த்த பிறகே மற்றவர்மேல் பொருத்த வேண்டும். எங்கள் சந்தில் இதற்கு முதலில் கடும் எதிர்ப்பு இருந்தது. விளையாட்டின் சுவையே கெட்டுவிடும் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, அதே ஐந்து அடையாளங்களை வைத்துச் சந்திலுள்ள குடும்பங்கள் அத்தனையும் சைலன் என்று நிறுவி, தேநீர்க் கடைக்காரர் ஒருவரை மட்டும் மனிதரென்று விட்டார்கள். அவரிடம் குழந்தைப் பருவத்துப் படம் இருந்தது.

தொடரின் இறுதி எங்களுக்குள் இன்னும் முடியாத சண்டை. கப்பல்கள் வந்து சேரும் பூமி நம்முடைய பூமிதான். ஆனால் காலம் ஒன்றரை இலட்சம் ஆண்டுகளுக்கு முன். சைலன் தாய்க்கும் மனிதத் தந்தைக்கும் பிறந்த ஹெரா என்ற சிறுமிதான் இன்றுள்ள மனிதகுலம் அனைத்திற்கும் மூதாட்டி என்று கதையை முடிக்கிறார்கள். இது ஏமாற்று, இத்தனை நாள் பட்டியல் போட்டது வீண் என்பது பேரனின் கட்சி. கூட்டாளிகளில் ஒருவன், அப்படியானால் பன்னிரண்டு உருவம் என்பதே தப்புக்கணக்கு என்கிறான். நான் எப்பக்கமும் சேரவில்லை; மின்சாரம் போய்விட்டது.

அடுத்து 2016இல் தொடங்கிய 'வெஸ்ட்வேர்ல்ட்' என்ற தொடரை எடுத்திருக்கிறார்கள். அதிலும் மனிதரைப் போன்ற இயந்திரங்கள். அதிலும் இரசிகர்கள் இரகசியங்களை முன்கூட்டியே மோப்பம் பிடித்தார்களாம். பேரன் புதிய நோட்டு ஒன்று வாங்கிவிட்டான். முதல் பக்கத்தில் ஐயத்துக்குரியவர் என்று தலைப்பிட்டு, முதலாவதாகத் தன் பெயரையும் இரண்டாவதாக என் பெயரையும் எழுதியிருக்கிறான்.