வாயில்லா ஜீவன்களும் சர்வகலாசாலைகளும்

சர்வகலாசாலை என்பது உண்மையைத் தேடும் ஸ்தானம். அவ்வுண்மையைத் தேடும் மார்க்கத்தில் எத்தனை எலிகளும் முயல்களும் நாய்களும் குரங்குகளும் உயிரிழக்கின்றன, அவை படும் வேதனை அவசியமானதுதானா, அதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பனவே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயங்கள். இவற்றை விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய விஷயங்களென்று ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்வாறு ஒதுக்குவது தவறு என்பது நமது அபிப்பிராயம். பொதுஜனங்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சியில், பொதுஜனங்களின் மனச்சாட்சிக்கும் பங்கு உண்டு.

இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் நெடுங்காலமாக வாதாடி வருகின்றன. எந்தப் பிராணியையும் எந்த நிமித்தத்திற்காகவும் அறுக்கலாகாது என்பது ஒரு கட்சி. மகாத்மா காந்தி 1909-ம் வருஷத்தில் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலிலேயே, மானிட சரீரத்தைப் பேணுவதற்காக ஐரோப்பிய வைத்தியர்கள் பிராணிகளை உயிரோடு அறுப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். மனித உயிரைக் காக்க உதவும் அறிவுக்கு எந்தத் தடையும் கூடாது என்பது மற்றொரு கட்சி. இக்கட்சியாரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. 1921-ம் வருஷத்தில் டொராண்டோ சர்வகலாசாலையில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களைக் கொண்டு செய்த பரிசோதனைகளின் பயனாகவே இன்ஸுலின் கிடைத்தது. மறு வருஷம் ஜனவரி மாதத்தில், மரணத்தை எதிர்நோக்கியிருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது ஏற்றப்பட்டது. அன்று தொட்டு நீரிழிவினின்று உயிர் பிழைத்தோர் எண்ணிலடங்கார். அம்மருந்தை நம் வீட்டுப் பெரியோருக்குக் கொடுத்துக்கொண்டே, அது பிறந்த வழியை முற்றிலும் பழிப்பது நேர்மையாகாது.

ஆயின், சில பரிசோதனைகள் அவசியம் என்று ஒப்புக்கொள்வது ஒன்று. எவை அவசியம் என்பதைப் பரிசோதனை செய்பவரே தீர்மானிக்கலாம் என்பது வேறொன்று. முன்னதை ஒப்புக்கொள்வதால் பின்னதையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. இந்த வேற்றுமையை விளக்க, லண்டன் மாநகரில் நடந்த ஒரு வழக்கை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

1903-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 2-ம் தேதி, லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் பேலிஸ் என்பவர் மாணாக்கர் முன்னிலையில் ஒரு பழுப்பு நிற நாயை அறுத்து உடற்கூற்றுப் பாடம் நடத்தினார். லிண்ட் அஃப் ஹாகெபி, ஷார்ட்டாவ் என்ற ஸ்வீடன் தேசத்து மாதர் இருவர் அங்கு மாணவிகளாக அமர்ந்திருந்தனர். நாய்க்கு மயக்கம் போதவில்லை என்றும், முன்னரே ஒரு முறை அறுக்கப்பட்ட வடு அதன் உடலில் இருந்தது என்றும் அவர்கள் தங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தனர். அக்குறிப்பைக் கொண்டு கோல்ரிட்ஜ் என்ற வக்கீல் பகிரங்கக் கூட்டத்தில் குற்றஞ்சாட்ட, பேலிஸ் மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தார். மயக்க மருந்து சரிவரக் கொடுக்கப்பட்டது என்று சாட்சிகள் கூறினர். ஜூரர்கள் அதை நம்பினர். வாதிக்கு 2,000 பவுன் நஷ்ட ஈடு கிடைத்தது.

வழக்கு அவ்வளவில் முடிந்தது. ஆனால் விசாரணையின்போது வெளிவந்த ஓர் உண்மை மானநஷ்டத்தைக் காட்டிலும் கனமானது. அதே நாயை 1902 டிசம்பரிலேயே ஒரு முறை அறுத்துத் தைத்து வைத்திருந்ததாகப் பேலிஸின் சகா ஸ்டார்லிங் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். அவ்வாறு ஒரே பிராணியை மறுபடியும் உபயோகிப்பதை 1876-ம் வருஷத்து ஆங்கிலச் சட்டம் தடுத்திருந்தது. இரண்டாவது நாய் ஒன்றைப் பலியிடாதிருக்கவே அப்படிச் செய்ததாக அவர் சமாதானம் கூறினார். அவர் கொடியவரல்லர், கீர்த்தி வாய்ந்த விஞ்ஞானி. அவர் சொன்ன காரணமும் இரக்கத்தை ஒட்டியதே. இருந்தும், சட்டத்தை எப்பொழுது மீறலாம் என்று தாமே தீர்மானித்துக்கொண்டார் என்பதையும், வெளியார் இருவர் அங்கு அமர்ந்திராவிடில் அது ஒருவருக்கும் தெரிந்திராது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். லைஸென்ஸ் இருந்தது, சட்டம் இருந்தது, இன்ஸ்பெக்டர்களும் இருந்தனர். உள்ளே நடப்பதைக் கண்ட கண்கள் மட்டும் தற்செயலாக வந்தவையே. அவ்வழக்கால் எழுந்த கிளர்ச்சியின் பின்னர், 1906-ல் ராயல் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டு 1912-ல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது.

நமது தேசத்திற்கும் இதைப்போன்ற ஓர் அனுபவம் உண்டு. போலியோ தடுப்பு மருந்துக்கெனப் பல்லாயிரம் செம்முகக் குரங்குகள் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகி வந்தன. வைத்திய ஆராய்ச்சிக்கும் தடுப்பு மருந்துத் தயாரிப்புக்குமே அவற்றை உபயோகிப்பதென்று 1955-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் ராணுவத்தாரின் கதிர்வீச்சுச் சோதனைகளில் அக்குரங்குகள் வதைக்கப்பட்ட செய்தி பின்னர் வெளிவந்தது. மொரார்ஜி தேசாயின் ஸர்க்கார் 1978-ல் ஏற்றுமதியை அடியோடு நிறுத்திவிட்டது. தேசத்தின் மானத்தைக் காத்த செய்கை அது. அன்று நாம் அந்நியரிடம் எதை எதிர்பார்த்தோமோ, அதை இன்று நமது சொந்தச் சர்வகலாசாலைகளிடம் எதிர்பார்க்க நாம் தயங்கலாமா? காகிதத்தில் எழுதிய நிபந்தனை, அதைக் காண ஒரு கண் இல்லாவிடில், நிபந்தனையே ஆகாது.

நம் நாட்டில் இதற்கான சட்டம் பிறந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி ராஜ்ய சபையின் நியமன அங்கத்தினராயிருந்தபோது, 1953-ல் பிராணி வதைத் தடுப்பு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். ஸர்க்காரே இவ்விஷயத்தை மேற்கொள்ளும் என்று பண்டித நேரு அளித்த வாக்குறுதியின்பேரில் அதை வாபஸ் பெற்றார். அதன் பலனே 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம்.

அச்சட்டம் சமரச மார்க்கத்தையே தழுவியது. நோயைத் தீர்ப்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் உடலியல் அறிவை வளர்ப்பதற்கும் செய்யப்படும் பரிசோதனைகள் குற்றமல்ல என்று அதன் 14-வது பிரிவு கூறுகிறது. 17-வது பிரிவோ அதற்கு வேலி கட்டுகிறது. பரிசோதனை மனிதத் தன்மையோடு, மயக்க மருந்து கொடுத்தே செய்யப்பட வேண்டும். புத்தகமும் மாதிரி உருவமும் சினிமாப் படமும் போதுமான இடத்தில் பிராணியைத் தொடலாகாது. சிறு பிராணியால் ஆகும் காரியத்திற்குப் பெரிய பிராணியை உபயோகிக்கலாகாது. கைப்பழக்கம் பெறுவதற்கென்று மட்டும் அறுக்கலாகாது. உரிய பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிஞர்கள், பிராணிக்குப் பதில் வேறு முறை, பிராணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்ற மூன்று தத்துவங்களை நூலாக வெளியிட்டது 1959-ல். மறு வருஷமே நமது பார்லிமெண்ட் ஏறக்குறைய அதே நோக்கங்களைச் சட்டமாக்கிவிட்டது என்பதை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம்.

1998-ம் வருஷத்து விதிகளும், அவற்றுக்குப் பின்வந்த திருத்தங்களும் ஒவ்வோர் ஆராய்ச்சி நிலையத்திலும் ஒரு தர்மக் கமிட்டியைக் கட்டாயமாக்கின. எலி, சுண்டெலி, முயல் முதலிய சிறு பிராணிகள் சம்பந்தமான திட்டங்களை அக்கமிட்டியே பரிசீலித்து அனுமதிக்கலாம். நாய், குரங்கு போன்றவற்றுக்கு மத்தியக் கமிட்டியின் அனுமதி வேண்டும். நிலையக் கமிட்டியில் எண்மர் இருக்க வேண்டும். உயிரியல் விஞ்ஞானிகள் மூவர், மிருக வைத்தியர் ஒருவர், பிராணிக் கூடத்தின் பொறுப்பாளர் ஒருவர், வெளி நிலையத்து விஞ்ஞானி ஒருவர், விஞ்ஞானியல்லாத சமூகப் பிரக்ஞையுள்ளவர் ஒருவர், மத்தியக் கமிட்டியின் பிரதிநிதி ஒருவர் என்பது கணக்கு.

இக்கணக்கை ஊன்றிப் பார்ப்போர்க்கு ஒரு விஷயம் புலப்படும். எண்மரில் ஐவர் அந்நிலையத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே தாழ்வாரத்தில் நடமாடுகிறவர்கள். ஒருவருடைய பதவி உயர்வுக்கு மற்றொருவருடைய தயவு வேண்டியவர்கள். இன்று என் திட்டத்தை நீர் அங்கீகரித்தால், நாளை உம்முடைய திட்டத்தை நான் அங்கீகரிப்பேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை; சொல்லாமலே நடக்கக் கூடியது அது. எவரும் தம் வழக்கில் தாமே நீதிபதியாயிருத்தலாகாது என்பது நீதி சாஸ்திரத்தின் பால பாடம். அவர்களுடைய நேர்மையின்மீது நாம் ஐயம் கொள்ளவில்லை. நீதிபதி நேர்மையானவராயிருப்பினும், அவருடைய சொந்தச் சகோதரனின் வழக்கு அவர்முன் வந்தால் அவர் விலகிக்கொள்கிறார்; அதனால் அவருக்கு அவமானம் உண்டாவதில்லை, கௌரவமே உண்டாகிறது.

ஆகவே, இந்த ஏற்பாடு முழுவதும் வெளியிலிருந்து வரும் மூவரையே நம்பி நிற்கிறது. அவர்களுள்ளும், விஞ்ஞானியல்லாத அந்த ஒருவரின் பொறுப்பே பெரிது என்போம். "ஐம்பது எலிகள் எதற்கு, முப்பது போதாவா? இந்தச் சோதனையை வேறெங்கேனும் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்களா? வலி பொறுக்க முடியாத நிலை வந்தால் எப்பொழுது நிறுத்துவீர்கள்?" என்று கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை; துணிவும் அவகாசமும் வேண்டும். கூட்டத்திற்கு முந்தின இரவில் கட்டுக் காகிதங்களை அனுப்பி, மறுநாள் ஒரு மணி நேரத்தில் இருபது திட்டங்களுக்குக் கையெழுத்து வாங்குவதானால், அவர் அங்கத்தினராக இருப்பதும் ரப்பர் முத்திரையாக இருப்பதும் ஒன்றே.

கட்டுப்பாடு அதிகமானால் ஆராய்ச்சி தாமதப்படும், பிற தேசங்கள் நம்மை முந்திவிடும் என்று விஞ்ஞானிகள் சிலர் முறையிடுகின்றனர். அநாவசியமான தாமதத்தை நாமும் விரும்பவில்லை; கமிட்டிகள் குறித்த காலத்தில் கூடிக் குறித்த காலத்தில் முடிவு கூற வேண்டும். ஆனால் நெருக்கமான கூண்டில் அஞ்சி நடுங்கும் பிராணியின் இரத்தமும் நாடித்துடிப்பும் இயல்பான நிலையில் இருப்பதில்லை. அதனிடம் பெறும் கணக்கும் உண்மையான கணக்கு ஆகாது. பிராணியைச் செவ்வனே பராமரிப்பது தர்மம் மட்டுமன்று, விஞ்ஞானமும் அதுவே. மேலும் காலமும் மாறி வருகிறது. கலாசாலை வகுப்புகளில் விலங்கியல் பாடத்திற்காகப் பிராணிகளை அறுப்பதை நிறுத்தும்படி சர்வகலாசாலை மான்யக் கமிஷன் 2014-ல் உத்தரவிட்டது. புதிய மருந்துகளின் சோதனையில் பிராணிகளல்லாத முறைகளுக்கும் இடமளித்து 2023-ல் இந்திய ஸர்க்கார் விதிகளைத் திருத்தியது. எனவே, வேறு வழியில்லை என்ற பதிலை இனிக் கேள்வி முறையின்றி ஏற்க முடியாது.

நாம் கோருவன நான்கு. முதலாவது, நிலையக் கமிட்டியின் தலைமை அந்நிலையத்தாரிடம் இருக்கலாகாது. வெளியாரிடம் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு சர்வகலாசாலையும் வருஷந்தோறும் எத்தனை பிராணிகளை, எந்த நோக்கத்திற்காக, எவ்வளவு வேதனைக்கு உட்படுத்தியது என்ற கணக்கைப் பாமரரும் அறியும் பாஷையில் பிரசுரிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஸர்க்கார் ஆண்டுதோறும் இத்தகைய புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய சர்வகலாசாலைகளும் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே வெளியிடுகின்றன. அதனால் அங்கே விஞ்ஞானம் குன்றிவிடவில்லை. மூன்றாவது, தவறு கண்டு வெளியிடும் மாணாக்கருக்கும் பிராணிக் கூடத்து ஊழியருக்கும் பாதுகாப்பு வேண்டும். லண்டனில் உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் மாணவிகளே என்பதை மறக்கலாகாது. நான்காவது, தண்டனை தண்டனையாக இருக்க வேண்டும். மத்தியக் கமிட்டியின் உத்தரவை மீறுவோர்க்கு 1960-ம் வருஷத்துச் சட்டத்தின் 20-வது பிரிவு விதித்த அபராதம், அதிகமாய்ப் போனால் இருநூறு ரூபாய்! இக்காலத்தில் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டின் விலை அது. கோடிக்கணக்கில் மான்யம் பெறும் நிலையங்களை இருநூறு ரூபாய் அபராதம் எவ்வாறு அச்சுறுத்தும் என்பதை ஸர்க்கார்தான் விளக்க வேண்டும்.

சர்வகலாசாலைகளின் சுதந்திரத்தில் கை வைக்க நாம் விரும்பவில்லை. அச்சுதந்திரத்திற்காக எப்பொழுதும் வாதாடி வந்திருக்கிறோம். ஆயின் சுயராஜ்யம் என்பது கணக்குக் கொடாத ராஜ்யமன்று. எவர்மீது அதிகாரம் செலுத்துகிறோமோ அவரிடம் பதில் சொல்ல வேண்டுமென்பதே ஜனநாயகத்தின் சாரம். கூண்டிலிருக்கும் ஜீவன் கேள்வி கேட்க இயலாது. வோட்டுப் போட இயலாது. கோர்ட்டில் வழக்காட இயலாது. ஆதலால் அதன் சார்பில் கேட்கும் கடமை உபாத்தியாயருக்கும் மாணாக்கருக்கும் வரி செலுத்தும் பிரஜைக்கும் உரியதாகிறது. அறையின் கதவைத் திறந்து வைக்க எந்தச் சர்வகலாசாலை முதலில் முன்வருகிறதோ, அதன் ஆராய்ச்சியிடமே பொதுஜனங்களுக்கு நம்பிக்கை பிறக்கும். நமது துணைவேந்தர்கள் இதைச் சிந்திப்பார்களாக.