ஆகாயத்திலும் அடிமைச் சீட்டு!

புழல் ஏரிக்கரையைத் தாண்டி, ஜி.என்.டி. சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை. சென்ற வாரம் அங்கே நம்மைப் பிடித்துக்கொண்டார் ஒரு தோழர். முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்கும் செங்குன்றத்துக்கும் இடையே அவருடைய டயர் படாத பள்ளம் கிடையாது. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார்.

“தோழர், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. சின்னப் பொண்ணு பிளஸ் டூ முடிக்கப் போவுது. பைலட்டுக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. காவாங்கரையில இருக்கிற மனைய வித்துடலாமான்னு பாக்கிறேன்.”

படித்தோம். நாட்டிலே விமானிகளுக்குப் பெரும் பஞ்சம், பயிற்சியில் சேருங்கள், வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கட்டணம் மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய எழுத்தில். ஒரு கோடி ரூபாய்க்கு மேல்! வேலையில் சேர்ந்த பிறகு இத்தனை ஆண்டு விலகுவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்பந்தச் சீட்டு அதற்கும் மேலே.

ஆளுக்குப் பஞ்சம் என்கிறார்கள். வருகிற ஆளிடமே கோடி ரூபாய் கேட்கிறார்கள். விருந்துக்கு வா வா என்று கூவி அழைத்துவிட்டு, இலைக்குக் காசு எடு என்று வாசலிலே கை நீட்டுகிற விருந்தை எந்த ஊரில் ஐயா கண்டோம்? கோடி ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கினால், மாதம் 83,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டுமே போகும். அசல் அப்படியே நிற்கும்.

பஞ்சம் உண்மையா? பாதி உண்மை. வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும். அந்த உரிமத்தோடு வருகிறவர் வலப்பக்க நாற்காலியில் துணை விமானியாக உட்காரலாம். இடப்பக்க நாற்காலியில், தலைமை விமானியாக உட்கார, 1,500 மணி நேரப் பறப்புடன் வேறொரு உரிமம் வேண்டும். 2023-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,622 பேருக்கு வணிக விமானி உரிமம் தரப்பட்டது. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேருக்குத் தந்ததில்லை. ஆனால் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடனையும் தலையில் சுமந்துகொண்டு, வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். முதலாளிமார்கள் தேடுவது அவர்களை அல்ல. இடப்பக்க நாற்காலிக்குத் தயாராகிவிட்ட ஆளை. அந்த ஆள் மரத்திலே காய்ப்பதில்லை. யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையை வலப்பக்க நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்துத் தயாரிக்க வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இன்றைய சண்டை முழுவதும்.

இந்த இடத்தில்தான் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் சின்ன நிறுவனங்களின் கதை வருகிறது. 2017 ஏப்ரலில் ‘உடான்’ திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து கிளம்பியது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய், செருப்புக் காலோடு வரும் எளியவரும் இனிப் பறப்பார் என்றார் பிரதமர். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நம் சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் சென்னையிலிருந்து சேலத்துக்கு ட்ரூஜெட் வந்தது. ஊரே மகிழ்ந்தது. சில ஆண்டில் சேவை நின்றது. அந்த நிறுவனமே பிறகு படுத்துவிட்டது. 2023 அக்டோபரில்தான் வேறொரு நிறுவனத்தின் விமானம் அங்கே மீண்டும் இறங்கியது. சின்ன நிறுவனத்தில் பணம் குறைவு, சம்பளம் குறைவு. அங்கே கைப்பழக்கம் பெற்றவரைப் பெரிய நிறுவனம் அள்ளிக்கொண்டு போகும். சின்னவர் பயிரிட, பெரியவர் அறுவடை செய்ய, விமானி இல்லாமல் சின்ன ஊரின் சேவை அடிபடும்.

அதற்கு அவர்கள் கண்ட மருந்து என்ன? சம்பளத்தை உயர்த்தினார்களா? கயிற்றை நீட்டினார்கள்! 2017-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஒரு விதி போட்டது. தலைமை விமானி வேலையை விட்டு விலகப் பன்னிரண்டு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். துணை விமானி ஆறு மாதம். விமானிகள் வழக்கு மன்றத்துக்குப் போனார்கள். 2023-இல் ஆகாசா நிறுவனத்தை விட்டு 43 விமானிகள் சட்டென்று விலகினார்கள். முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் போய்விட்டார்கள், விமானங்களை ரத்துச் செய்ய வேண்டியதாயிற்று என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பயணிகள் தவித்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி: மில்லிலே, பட்டறையிலே, ஒரே மாத நோட்டீசில் ஆளை வெளியே தள்ளுகிற முதலாளி வர்க்கம், தன்னைவிட்டுப் போகிறவன் மட்டும் ஓராண்டு காத்துக் கிடக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

கயிற்றைப் பார்த்தோம், கரும்பையும் பார்ப்போம். ஆள் சேர்க்க, சேர்ந்த ஆளை நிறுத்தி வைக்க, போனஸ் தருகிறார்களாம். போனஸ் என்றால் நம் தோழர்களுக்குத் தெரியும். உழைத்து முடித்த கூலியில் முதலாளி பிடித்து வைத்திருந்த பங்கு அது. போராடி, 1965-இல் சட்டமாக்கி வாங்கினோம். ஆகாயத்துப் போனஸ் வேறு சாதி.

2023 மே மாதத் தொடக்கத்தில் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் பறப்பதை நிறுத்தின. நிறுவனம் திவால் மனுக் கொடுத்துவிட்டது. சம்பளம் வராத விமானிகள் வேறு இடம் தேடி ஓடினார்கள். அப்போது நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது: விலகாமல் இருங்கள், தலைமை விமானிக்கு மாதம் ஒரு இலட்சம் ரூபாய் கூடுதல், துணை விமானிக்கு 50,000 ரூபாய் கூடுதல், விலகல் கடிதம் கொடுத்தவர்களும் அதைத் திரும்பப் பெற்றால் உங்களுக்கும் உண்டு! அடேயப்பா! பறக்காத விமானத்தில், வராத சம்பளத்தின் மேலே, இலட்ச ரூபாய் ஊக்கத்தொகை! காலி அண்டாவைக் காட்டி, இரண்டாம் பரிமாறலுக்கு இரு என்று சொன்ன கதைதான். 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தைக் கலைத்துச் சொத்தை விற்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம்பி உட்கார்ந்திருந்தவர் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமா?

விஸ்தாரா கதை இன்னொன்று. 2024-இல், ஏர் இந்தியாவோடு இணையும் முன், புதிய ஒப்பந்தம் நீட்டினார்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக வந்துகொண்டிருந்த சம்பளம் 40 மணி நேரமாகக் குறையும். மேலே பறந்தால் மேலே காசு. தேநீர்க் கடைத் தோழருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. “நம்ம டிரிப் பேட்டா மாதிரிதானே?” என்றார். அதேதான்! விமானிகள் பலர் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பெடுக்க, நிறுவனம் விமானங்களைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. உயர்ந்த சம்பளம், வெள்ளைச் சட்டை, தோளிலே தங்கப் பட்டை எல்லாம் இருந்தும் கூலி கணக்கிடும் முறை மாதவரம் லாரி நிலையத்து முறைதான்.

இனி 2025 டிசம்பருக்கு வருவோம். அந்த வாரம் மீனம்பாக்கத்தில் பெட்டியும் கையுமாக ஜனங்கள் தரையிலே படுத்துக் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். டிசம்பர் 5 ஒரே நாளில் இண்டிகோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்துச் செய்தது. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம் அது. காரணம் புயலா, போரா? விமானிக்கு ஓய்வு கொடு என்ற விதி!

அந்த விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வை 48 ஆக்கினார்கள். இரவு நேரத்தில் ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். கண் சொருகும் நேரத்தில் இருநூறு உயிர்களை இறக்குகிறவருக்கு இது சலுகையா? பயணிக்கு இது காப்பு. விதி எழுதப்பட்டது 2024 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வரவேண்டியது, நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போயிற்று. விமானிகள் தில்லி உயர்நீதிமன்றத்தில் போராடிய பிறகு, 2025 ஜூலையில் பாதியும் நவம்பரில் மீதியும் அமலாயிற்று. ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம்! அந்த அவகாசத்தில் ஆள் எடுத்திருக்கலாம், பயிற்சி தந்திருக்கலாம். நிறுவனம் ஆள்சேர்ப்பை நிறுத்தி வைத்தது, சம்பளத்தை உறைய வைத்தது, ஒருவர் ஆளை மற்றவர் எடுப்பதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டது என்று குற்றஞ்சாட்டியது இந்திய விமானிகள் கூட்டமைப்பு.

சர்க்கார் என்ன செய்தது? 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்கு இரவு விதியிலிருந்து விலக்கு. விமானி எடுக்கும் விடுப்பை வார ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற கட்டளை எல்லா நிறுவனங்களுக்கும் வாபஸ். பிறகு 2026 ஜனவரியில் 22.20 கோடி ரூபாய் அபராதம். திருடன் வீட்டைத் திறந்து விட்டுவிட்டு, போகும்போது வாசலில் காலணா வாங்கிய காவல் இது. அபராதம் வந்த அதே மாதம் முதல் விமானிகளின் சில படிகளை நிறுவனம் உயர்த்தியது. புதிதாக ஆளும் எடுக்க முனைந்தது. ஆக, காசும் இருந்தது, ஆளும் கிடைப்பார். விதி கழுத்தைப் பிடிக்கும்வரை மனந்தான் வரவில்லை.

அமெரிக்காவிலே இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துப் படித்தார்கள். 2009 பிப்ரவரி 12 இரவு, கோல்கன் என்ற சிறு நிறுவனத்தின் விமானம் பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள். தலைமை விமானி தவறாகக் கையாண்டதே காரணம் என்றது விசாரணை. இரு விமானிகளும் களைத்திருந்திருக்கக் கூடும் என்றும் சொன்னது. துணை விமானி நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வந்தவர். அவருடைய ஆண்டுச் சம்பளம் 16,000 டாலரை ஒட்டியது என்ற செய்தி அந்த நாட்டையே திடுக்கிட வைத்தது. சட்டம் மாறிற்று, 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் என்றார்கள். கொரோனாவுக்குப் பின் ஆள் தட்டுப்பாடு வந்தபோது ஸ்கைவெஸ்ட் நிறுவனம் 29 சிற்றூர்களுக்குப் பறக்க ஆளில்லை என்று 2022 மார்ச்சில் கைவிரித்தது. அதே ஆண்டு ஜூனில் பீட்மான்ட், என்வாய் என்ற சிறு நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. 2024-இல் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்ததும் அந்த வேகம் தணிந்தது. தட்டுப்பாட்டில் கிடைத்ததைத் தட்டுப்பாடு தீருவதற்குள் ஒப்பந்தமாக எழுதி வாங்கிய சங்கங்களுக்கு அது நின்றது. வெறும் போனசாக வாங்கியவருக்குச் செலவழிந்து போயிற்று.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் கேட்கலாம்: இலட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கு நாம் ஏன் வக்காலத்து? 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. டிரைவருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அழகாக எழுதியிருந்தார்கள். மணலியில் கண்டெய்னரோடு விடிய விடிய வரிசையில் நிற்கும் நம் தோழர் அந்த எட்டு மணியைக் கண்டதுண்டா? முன்பணம் வாங்கிய டிரைவர் கடன் தீரும்வரை வேறு வண்டி ஏற முடியாது. சில இடங்களில் லைசென்சே முதலாளி பெட்டியில் பூட்டிக் கிடக்கும். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தையும் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைத்துவிட்டார்கள். ஓய்வு விதியை இண்டிகோவுக்குத் தளர்த்திய கை, நாளை எண்ணூர் சாலையில் எதைத் தளர்த்தும்? விமானியின் 48 மணி நேர ஓய்வு நிலைத்தால், லாரி டிரைவரின் ஓய்வைக் கேட்க நமக்கு ஒரு படி கிடைக்கும்.

நாம் கேட்பது இது: பயிற்சிச் செலவை லாபம் எடுப்பவர் ஏற்கட்டும். ஒவ்வொரு விமான நிறுவனமும் தன்னிடமுள்ள விமானிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டட்டும். அந்த நிதியில் ஏழைப் பிள்ளைகள் பயிலட்டும். அப்போது சின்ன நிறுவனம் வளர்த்ததைப் பெரிய நிறுவனம் இலவசமாக அள்ள முடியாது, சீட்டு எழுதி வாங்கவும் சாக்கு இராது. அமேதி மாவட்டம் ஃபர்சத்கஞ்சில் மத்திய சர்க்காரே விமானப் பயிற்சிக் கழகம் நடத்துகிறது. அங்கும் கட்டணம் 40 இலட்சத்துக்கு மேல். 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை டாட்டாவிடம் கொடுத்தபோது, சின்ன ஊர்களுக்குப் பறக்கும் அலையன்ஸ் ஏர் மட்டும் சர்க்கார் கையில் தங்கியது. அதன் வலப்பக்க நாற்காலிகளில் சில, காவாங்கரைப் பெண்ணுக்கும் திருவொற்றியூர்ப் பையனுக்கும் ஏன் ஒதுக்கப்படக் கூடாது?

தேநீர் ஆறிப்போயிருந்தது. தோழர் விடவில்லை. “அதெல்லாம் நடக்கிறப்ப நடக்கட்டும். இப்ப மனைய விக்கலாமா, வாணாமா?”

அவசரப்பட்டு விற்காதீர்கள் என்றோம். பெண்ணுக்கு முதலில் விமானி மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ குறை என்றால் கோடி கட்டிய பிறகு தெரிந்து பயனில்லை. வேலை உறுதி என்கிறார்களே, அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா, விளம்பரத்தில் மட்டுமா என்று பாருங்கள். இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும், அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று கேளுங்கள். நிறுவனமே மூடிக்கொண்டால் கட்டிய பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சீட்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 மே மாதம் ஒரு வங்கி ஊழியர் வழக்கில், விலகினால் 2 இலட்சம் கட்ட வேண்டும் என்ற சீட்டு செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தாளை மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வரும் ஞாயிறு காலை பெண்ணையும் கூட்டிக்கொண்டு, அந்த ஒப்பந்தத்தின் முழுப் பிரதியோடு சங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம். வழக்கறிஞர் தோழர் ஒருவரும் வருகிறார். வீட்டில் இதுபோன்ற தாளை வைத்திருக்கும் மற்ற தோழர்களும் எடுத்து வரலாம்.