முதல் பையன் யார்?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு விசித்திரமான சந்தை கூடுகிறது. அங்கே மாடு விற்பதில்லை. நெல் விற்பதில்லை. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் பேஸ்பால் ஆடும் வாலிபர்களை, பெரிய கோஷ்டிகள் வரிசையாகப் பெயர் சொல்லிப் பொறுக்கிக்கொள்கின்றன. மொத்தம் 30 கோஷ்டிகள். ஒரு கோஷ்டி ஒரு பையனின் பெயரைச் சொல்லிவிட்டால், அவன் அந்த ஆண்டு வேறு கோஷ்டியிடம் பேரம் பேச முடியாது.

பேஸ்பால், நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. மட்டை உண்டு, பந்து உண்டு, ஓட்டம் உண்டு. அமெரிக்கர்களுக்கு அது உயிர்!

இந்தச் சந்தையில் முதல் பெயரைச் சொல்லும் உரிமை பெரிய பாக்கியம் என்று நினைக்கத் தோன்றும். பாக்கியம்தான். ஆனால் அதைப்போல் தலைவலியும் வேறு இல்லை. அந்த உரிமையை இன்னொரு கோஷ்டிக்கு விற்கவும் முடியாது. எப்படியும் ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தோற்றவனுக்கு முதல் பந்தி

முன்பெல்லாம் இந்த ஏற்பாடு கிடையாது. பணம் படைத்த கோஷ்டி, நல்ல பையனை வீட்டுக்கே போய்த் தூக்கிவந்துவிடும். 1964-ம் ஆண்டு ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி மாணவருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டி 2 லட்சத்து 5 ஆயிரம் டாலர் கொடுத்தது. மற்ற முதலாளிகள் திடுக்கிட்டார்கள். "இப்படியே போனால் எல்லோரும் ஓட்டாண்டிதான்" என்று பயந்தார்கள். மறு ஆண்டே, 1965-ல், இந்த முறை வந்துவிட்டது. முந்திய ஆண்டில் அதிகம் தோற்ற கோஷ்டிக்கு முதல் பந்தியில் இலை!

வேண்டுமென்றே தோற்பவர்களைத் தடுக்க, 2023-ம் ஆண்டுத் தேர்விலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வைத்துவிட்டார்கள். அது வேறு கதை.

முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்களா? இல்லை. 1966-ல் நியூயார்க் மெட்ஸ் கோஷ்டிக்கு முதல் உரிமை கிடைத்தது. அவர்கள் ஸ்டீவ் சில்காட் என்ற பள்ளி மாணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த இடத்தில் இருந்த கோஷ்டி ரெஜி ஜாக்சனை எடுத்துக்கொண்டது. ஜாக்சன் 563 ஹோம் ரன் அடித்து, புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். தோளில் அடிபட்ட சில்காட், மேல்மட்ட ஆட்டத்தில் ஒருநாள்கூட இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பந்து வீச்சாளர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். 1965 முதல் 2025 வரை மூன்றே மூன்று பேர்தான் அப்படி முதல் இடத்தில் எடுக்கப்பட்டார்கள். மூவருமே இடது கைக்காரர்கள். முதலாமவர் டேவிட் கிளைட், 1973. டெக்சாஸ் கோஷ்டி அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மைதானத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. டிக்கெட் விற்றது. பையனின் கணக்கு என்ன ஆயிற்று? 18 வெற்றி, 33 தோல்வி. அத்தோடு சரி. இரண்டாமவர் பிரையன் டெய்லர், 1991. நியூயார்க் யாங்கீஸ் 15½ லட்சம் டாலர் கொடுத்தது. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் அவருடைய தோள் போயிற்று. மேல்மட்டத்துக்கு வரவே இல்லை. மூன்றாமவரின் கதைதான் பெரிய கதை.

பானையில் இருக்கும் பணம்

2012-ம் ஆண்டு ஒரு புதிய சட்டம் வந்தது. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு டாலர் என்று ஒரு தொகை குறித்தார்கள். அவற்றையெல்லாம் கூட்டினால் வருவது அந்தக் கோஷ்டியின் பானை. பானைக்குள் எப்படி வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருவருக்குக் குறைத்து, மற்றவருக்குக் கூட்டலாம். ஆனால் பானையின் அளவை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தாண்டினால், அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமை பறிபோகும். எந்தக் கோஷ்டியும் அதற்குத் துணியாது.

அந்த ஆண்டு முதல் உரிமை பெற்றது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 2011-ல் 106 ஆட்டங்களில் தோற்ற கோஷ்டி! 2012-ல் 107 தோல்வி. 2013-ல் 111 தோல்வி. அதனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் முதல் உரிமை அவர்களுக்கே வந்தது. பெரிய ஆட்டக்காரர்களை விற்று, சம்பளச் செலவைக் குறைத்து, நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று நிர்வாகம் இருந்தது. டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் வயிறு எரிந்தார்கள். நியாயம்தானே?

2012-ல் எல்லோரும் எதிர்பார்த்த பெயர்கள் இரண்டு. ஒருவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பந்து வீச்சாளர் மார்க் அப்பெல். மற்றவர் ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளி மாணவர் பைரன் பக்ஸ்டன். ஹூஸ்டன் சொன்னதோ கார்லோஸ் கொரேயா என்ற பெயரை! போர்ட்டோ ரிக்கோ தீவுப் பையன். வயது 17. அந்தத் தீவிலிருந்து முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர் அதற்கு முன் யாரும் இல்லை.

முதல் இடத்துக்குக் குறித்த தொகை 72 லட்சம் டாலர். கொரேயா 48 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சம் 24 லட்சம்! அந்த மிச்சத்தை வைத்துத்தான் ஹூஸ்டன் விளையாடியது. அதிகத் தொகை கேட்பார் என்று மற்ற கோஷ்டிகள் தயங்கியதால், லான்ஸ் மெக்கல்லர்ஸ் என்ற பந்து வீச்சாளர் 41-வது இடம் வரை எடுபடாமல் இருந்தார். ஹூஸ்டன் அவரை எடுத்து 25 லட்சம் கொடுத்தது. நான்காவது சுற்றில் இன்னொரு பையனுக்கு 18½ லட்சம். ஒரு விலையில் மூன்று பேர்!

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2017-ல் ஹூஸ்டன் உலகத் தொடரை வென்றது. நடுவிடத்தில் நின்று பந்தைத் தடுத்தவர் கொரேயா. கடைசி ஆட்டத்தில் முதலில் பந்து எறிந்தவர் மெக்கல்லர்ஸ்.

முதல் உரிமை கிடைத்த கோஷ்டி, நாட்டிலேயே சிறந்த பையன் யார் என்று மட்டும் தேடக்கூடாது. ஏறக்குறைய சமமாக நிற்கும் மூன்று நான்கு பேரில், யாரை எடுத்தால் பானையில் மிச்சம் விழும் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். பதினேழு வயதுப் பையன் நாளைக்கு என்ன ஆவான் என்று கணிக்கும் திறமை ஒருவருக்கும் இல்லை. கணிக்க முடியாத இடத்தில் ஒருவனை நம்புவதைவிட மூவரை நம்புவது மேல். 2025-ல் வாஷிங்டன் கோஷ்டியும் இதையே செய்தது. முதல் இடத்துக்கு ஒரு கோடியே 10 லட்சம் டாலர் குறித்திருக்க, ஈலை வில்லிட்ஸ் என்ற 17 வயதுப் பையனை 82 லட்சத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.

மாறாக, 2013-ல் ஹூஸ்டன் பத்திரமான வழியைப் பார்த்தது. முந்திய ஆண்டு விட்ட அதே மார்க் அப்பெலை எடுத்தது. அதற்குள் அவர் ஒரு கோஷ்டி கொடுத்த 38 லட்சத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியிருந்தார். ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். படிப்பு முடித்தவர். உடனே பயன்படுவார் என்று கணக்குப் போட்டார்கள். 63½ லட்சம் கொடுத்தார்கள். ஹூஸ்டனுக்காக மேல்மட்டத்தில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. 2018-ல் ஆட்டத்தை விட்டே ஒதுங்கினார். பிறகு மனம் மாறித் திரும்பிவந்து, 2022 ஜூனில், 30-வது வயதில், பிலடெல்பியாவுக்காகக் களம் இறங்கினார். அந்த விடாமுயற்சிக்கு ஒரு சபாஷ்!

அப்பெலுக்கு அடுத்தபடி போனவர் கிரிஸ் பிரையண்ட். சிகாகோ கப்ஸ் எடுத்தது. 2016-ல் அவர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பின் உலகத் தொடர் வென்றது.

அச்சாரத்துக்குப் பின் பல்

2014. மூன்றாம் முறை. ஹூஸ்டன் சொன்ன பெயர் பிரேடி ஐக்கன். சான் டியாகோ பள்ளி மாணவர். இடது கைப் பந்து வீச்சாளர். 65 லட்சம் டாலர் என்று பேச்சு முடிந்தது. குறித்த தொகை 79 லட்சம். ஆகவே இம்முறையும் மிச்சம் விழுந்தது. அந்த மிச்சத்தை நம்பி, ஐந்தாவது சுற்றில் எடுத்த ஜேக்கப் நிக்ஸ் என்ற பையனுக்கு 15 லட்சம் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

பிறகு டாக்டர்கள் ஐக்கனின் முழங்கையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் தசைநார் இயல்பாக இல்லை என்று கோஷ்டிக்குச் சந்தேகம் வந்தது. 65 லட்சம் 31 லட்சமாக இறங்கியது. கடைசி நாளில் 50 லட்சம் வரை ஏறியது. பையன் தரப்பு, கைக்கு ஒன்றுமில்லை என்று சாதித்தது. ஜூலை 18-ந் தேதி கெடு முடிந்தது. ஒப்பந்தம் இல்லை.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சாரம் கொடுப்பார்கள். ஹூஸ்டனில் அச்சாரம் பேசி, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அதன் பிறகு பல்லைப் பார்த்தார்கள்!

டாக்டர்கள் சொன்னது பொய்யாகவில்லை. 2015 மார்ச்சில் ஐக்கனின் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு கிளீவ்லாந்து அவரை 17-வதாக எடுத்து, சுமார் 25 லட்சம் கொடுத்தது. மேல்மட்டத்துக்கு அவர் வரவில்லை. இந்த அளவில் ஹூஸ்டன் மீது குற்றம் சொல்ல முடியாது. நோயுள்ள கைக்கு முழு விலை கொடு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் நிக்ஸ் செய்த குற்றம் என்ன? அவருடைய முழங்கையில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு பையன் ஒப்பந்தம் செய்யாவிட்டால், அவனுக்குக் குறித்த தொகை பானையிலிருந்தே மறைந்துவிடும் என்பது சட்டம். ஐக்கன் போனதும் 79 லட்சம் போயிற்று. நிக்ஸுக்கு வாக்களித்த 15 லட்சத்தைக் கொடுத்தால், அடுத்த ஆண்டின் முதல் உரிமை போய்விடும். கொடுக்கவில்லை! யாரோ ஒரு பையனின் முழங்கைக்காக இன்னொரு பையனின் பணம் கைவிட்டுப் போயிற்று. ஆட்டக்காரர் சங்கம் புகார் கொடுத்தது. கடைசியில் சமரசம் ஆயிற்று. நிக்ஸ் 2015-ல் சான் டியாகோ கோஷ்டிக்குப் போனார். ஓர் ஆண்டு வீணானது வீணானதுதான்.

கோஷ்டிக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் வேடிக்கை. முதல் இடத்துப் பையன் ஒப்பந்தம் செய்யாவிட்டால், அடுத்த ஆண்டு இரண்டாவது இடத்தை ஈடாகக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். ஹூஸ்டன் 2015-ல் அந்த ஈட்டை வைத்து அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தது. 2017 உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், பத்தாவது சுற்றில், 13-க்கு 12 என்று வெற்றி அடி அடித்தவர் அவர்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது! இரண்டு பையன்கள் தெருவில் நிற்க, கோஷ்டிக்கு மட்டும் பாலும் பழமும்.

அந்த 2017 வெற்றியில், எதிர் கோஷ்டியின் சைகைகளைக் காமிரா வைத்துத் திருடிய கறை உண்டு. 2020 ஜனவரியில் தண்டனை வந்தது. 50 லட்சம் டாலர் அபராதம். 2020, 2021 ஆண்டுகளின் முதல் இரண்டு சுற்று உரிமைகளும் பறிக்கப்பட்டன. அந்த உரிமைக்கு லீக் வைத்திருக்கும் மதிப்பை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு குமார்

2021-ல் இதே நாடகம் மீண்டும் நடந்தது. இம்முறை பையனின் பெயர் குமார் ராக்கர். தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியும் இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள். நியூயார்க் மெட்ஸ் அவரை 10-வதாக எடுத்து, 60 லட்சம் டாலர் பேசியது. கையைப் பரிசோதித்த பிறகு பின்வாங்கியது. மெட்ஸுக்கு மறு ஆண்டு 11-வது இடம் ஈடாகக் கிடைத்தது. குமாருக்கு ஈடு எதுவும் இல்லை. சிறு கோஷ்டி ஒன்றில் ஆடிக் காட்டி, 2022-ல் டெக்சாசுக்கு மூன்றாவது ஆளாக 52 லட்சத்துக்குப் போனார். அங்கேயும் மிச்சம் பிடித்த பணத்தில் இன்னொரு வாலிபருக்கு 37 லட்சம் போயிற்று. 2023-ல் குமாருக்கு முழங்கை அறுவை. 2024 செப்டம்பரில் மேல்மட்ட மைதானத்தில் நின்றார்.

2022 ஒப்பந்தத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தேர்வுக்கு முன்பே பரிசோதனைக்கு உட்படும் முன்னணிப் பையன்களுக்கு, குறித்த தொகையில் நூற்றுக்கு 75-ஆவது உண்டு என்று உறுதி கொடுத்தார்கள். பல்லை முன்னாலேயே பார்த்துக்கொள் என்று பொருள். வரவேற்க வேண்டியதே.

ஆனால் நிக்ஸ் போன்ற பையன்களுக்கு இதில் மருந்து இல்லை. பானையைப் பங்கு போடும் சாமர்த்தியத்தைக் கோஷ்டிக்கு அனுமதித்தால், அந்தப் பங்கை நம்பி வாக்குக் கொடுத்த பையனுக்கும் பாதுகாப்பு வேண்டும். முதல் பையன் போனாலும், அதற்குள் பேசி முடித்த மற்றவர்களின் தொகை பானையில் நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால், கோஷ்டிக்குக் கிடைக்கும் அந்த இரண்டாவது இடத்தையும் நிறுத்திவைக்க வேண்டும்.