மூன்றடி தூரம்

கோல்ப் ஆட்டத்தில் 250 கஜம் ஆகாயத்தில் பறக்கும் பந்துக்கும் ஓர் அடிதான் கணக்கு. குழிக்கருகே 3 அடி தூரம் புல்மேல் உருளும் பந்துக்கும் ஓர் அடிதான் கணக்கு. (நம் பாஷையில் அளவுக்கும் அடித்தலுக்கும் ஒரே சொல்லாக அமைந்திருப்பது இவ்விடத்தில் சற்றுத் தொல்லைதான், நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.) 18 குழிகளுக்கு 72 அடிகள் என்று விதித்திருக்கும் மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் 'கிரீன்' என்னும் வழவழப்பான புல்தரையில் உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. சரிபாதி! ஆயினும் பயில்வோரிற் பெரும்பாலோர் ஓங்கி அடிப்பதிலேயே பொழுதையெல்லாம் போக்குகிறார்கள். பார்ப்பவர்கள் கைகொட்டுவது அதற்குத்தானே!

உருட்டும் கோலுக்குப் 'பட்டர்' என்று பெயர். கோவில் பட்டருக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. எனினும் இதைக் கையாளவும் ஒருவகை நியம நிஷ்டை வேண்டியிருக்கிறது.

குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். 1891-ம் வருஷத்தில் ஏற்பட்ட விதி இது. பந்தின் குறுக்களவு 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. பந்தைப்போல் இரண்டரை மடங்கு விசாலமான வாயில் என்று எண்ணத் தோன்றும். ஆனால், மெதுவாக வந்து சேரும் பந்துக்குத்தான் அவ்வளவு விசாலமும் பயன்படும். விரைந்து வரும் பந்து நட்டநடுவே வந்தாலொழிய விழாது. ஓரத்தில் வந்தால் விளிம்பைத் தடவிக்கொண்டு வெளியே ஓடிவிடும். அதாவது, நாம் வேகத்தைக் கூட்டக் கூட்டக் குழி சிறுத்துக்கொண்டே போகிறது.

ஆகவே திசையைக் காட்டிலும் வேகமே முதற்பாடம் என்பது என் அபிப்பிராயம். 30 அடி தூரத்திலிருந்து உருட்டுகிறவர் பக்கவாட்டில் 6 அடி தவறுவது அபூர்வம். 6 அடி முன்னதாகவே பந்தை நிறுத்திவிடுவதோ சர்வ சாதாரணம். அன்றியும், தரை சரிவாயிருந்தால் மெதுவாகப் போகும் பந்து அதிகமாக வளையும், வேகமாகப் போவது குறைவாக வளையும். எவ்வளவு வேகம் என்று தீர்மானியாமல் எந்தத் திசை என்று தீர்மானிப்பது எங்ஙனம்?

இதற்கு நல்ல பயிற்சி ஒன்று உண்டு. 10, 20, 30 அடி என்று மாறிமாறி உருட்டுங்கள். அடித்தவுடன் தலையைத் தூக்காமல், பந்து குறைந்ததா, மிஞ்சியதா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். சில நாட்களில் கையே தூரத்தை அறிந்துகொள்ளும். தூரம் அதிகமானால் பலத்தைக் கூட்ட வேண்டாம். கோலைப் பின்னுக்கு எடுக்கும் அளவைக் கூட்டினால் போதும். கடிகாரத்தின் ஊசல்போலத் தோள்கள் அசைய, மணிக்கட்டு சும்மா இருக்கட்டும். பிடி இறுக வேண்டாம்.

குறுகிய தூரத்தின் கதை வேறு. 1970-ம் வருஷம் ஸ்காட்லாந்தில் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 'ஓபன்' பந்தயம். அமெரிக்கரான டக் ஸாண்டர்ஸுக்குக் கடைசிக் குழியில் எஞ்சியது சுமார் 3 அடி. அது விழுந்தால் வெற்றி. மகாபலிக்குப் பிறகு மூன்றடி அவ்வளவு பெரிதாகிப் போனது இவருக்குத்தான் போலும்! பந்து போகும் வழியில் சிறு கல் கிடப்பதாக நினைத்து, நின்ற நிலையிலேயே குனிந்தார். கல் அன்று, நிறம் மாறிய புல். நிமிர்ந்தவர் விலகிப் போய் மறுபடி புதிதாக வந்து நில்லாமல், அப்படியே அடித்தார். பந்து குழிக்கு வலப்புறமாக விலகிற்று. மறுநாள் நடந்த தீர்வு ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸ் 72 அடிகளில் முடித்தார், ஸாண்டர்ஸ் 73.

ஆகையால் இடையில் ஈ பறந்தாலும், யாரேனும் இருமினாலும் கோலை எடுத்துக்கொண்டு இரண்டடி விலகி, முதலிலிருந்து தொடங்குங்கள். கண் பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். பந்து குழியில் விழுவதைப் பார்க்க வேண்டாம். காதால் கேட்டால் போதும்.

வீட்டுக் கூடத்துக் கம்பளத்தில் ஒரு நாணயத்தை வைத்து, 3 அடியிலிருந்து தினம் 20 தடவை அதைக் குறிபார்த்து உருட்டி வாருங்கள். பிறகு மைதானத்தில் நாலேகால் அங்குலக் குழி தாராளமாகவே தோன்றும். வீட்டார் உறங்கும் வேளையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். சுவரில் பந்து மோதும் சத்தம் சொற்பமானதல்ல.